டிரான்ஸ்பார்மர் பக்கத்துப் பலகை

சுரங்கத்தில் அவரை எல்லோரும் 'கரண்டு' என்றுதான் கூப்பிட்டார்கள். சம்பளக் குமாஸ்தாவுக்கே அவருடைய சொந்தப் பெயரைச் சொல்லக் கொஞ்ச நேரம் யோசிக்க வேண்டியிருக்கும். நிலத்தடி எலக்ட்ரீஷியன். மேலேயிருந்து தொடை கனமுள்ள கேபிள்களில் இறங்கிவரும் மின்சாரத்தை ஒரு பெரிய டிரான்ஸ்பார்மர் வாங்கி, பாறையைத் துளைக்கும் இயந்திரங்களுக்கும் பம்புகளுக்கும் காற்றாடிகளுக்கும் பிரித்து அனுப்பும். அந்த டிரான்ஸ்பார்மர் நின்ற அறைக்கு அவர்தான் ராஜா. பாறையைக் குடைந்து, வெள்ளையடித்து, குறுக்கே கம்பிவலை போட்ட அறை. வலைக்கு அந்தப் பக்கம் அது ஓயாமல் உறுமிக்கொண்டு நிற்கும். "எங்க வீட்டம்மாவைவிட இது கொஞ்சம் கம்மியாத்தான் பேசும்" என்று புதிதாக வருகிறவர்களிடமெல்லாம் சொல்லிச் சிரிப்பார். வீட்டம்மா அதிகம் பேசாதவள் என்பது அவரோடு பழகியவர்களுக்குத் தெரியும்.

சுரங்கம் என்றால் புழுக்கம் என்றுதான் வெளியாட்கள் நினைப்பார்கள். அந்தச் சுரங்கம் அப்படியில்லை. மலைக்குள் தேங்கிய தண்ணீர் கூரை முழுக்கக் கசிந்து சொட்டும். காற்றாடி தள்ளும் காற்று நனைந்த சட்டையில் பட்டால் பல்லோடு பல் தட்டும். கம்பெனி ஒதுக்கியிருந்த சாப்பாட்டு அறை லிப்டுக்குப் பக்கத்தில் இருந்தது. வேலை நடக்கும் இடத்திலிருந்து அங்கே போய்ச் சேருவதற்குள் இடைவேளையில் பாதி கரைந்துவிடும். போய் உட்கார்ந்தாலும் கூரைத் தண்ணீர் சரியாகச் சாப்பாட்டு டப்பாவைக் குறிபார்த்து விழும். அங்கே போய்ச் சாப்பிட்டவர்கள் யாருமில்லை. உடைந்த ஏணிகளும் காலி எண்ணெய் டின்களும்தான் அதில் குடியிருந்தன.

டிரான்ஸ்பார்மர் அறையில் மட்டும் கதகதப்பு இருந்தது. இயந்திரத்தின் சூடு கம்பிவலை தாண்டி வரும். கேபிள் சுற்றிவந்த ஒரு பெரிய மர உருளையைக் கரண்டு பிரித்து, அதன் பலகைகளை இழைத்து, வலையை ஒட்டி நீளமாக ஓர் இருக்கை செய்தார். முதுகை வலையில் சாய்த்து உட்கார்ந்தால் சட்டை காயும், எலும்புக்குள் போன குளிர் மெல்ல இறங்கும். கொஞ்ச நாளில் அந்தப் பலகையில் இடம் கிடைப்பது பெரிய சிபாரிசு விஷயமாகிவிட்டது. மேலே பத்துப் பேர் மதிக்காத மனுஷன், கீழே யாரை உட்காரச் சொல்வது, யாரை எழுப்பி விடுவது என்று முடிவு பண்ணினார். போர்மேன்கூடத் தன்னுடைய கையுறைகளை அந்த வலையில்தான் காயப்போடுவார். டீ ஆறிவிட்டால், "கரண்டு, இதை உன் மெஷின் மேல கொஞ்சம் வை" என்று நீட்டுவார்.

அவருடைய மனைவிக்கு ஒரே தம்பி. கரண்டு கையில் காலில் விழுந்துதான் அவனுக்குச் சுரங்கத்தில் வேலை வாங்கிக் கொடுத்தார். பம்பு பார்க்கிற வேலை. சுரங்கத்தின் அடிமட்டத்தில் சேரும் தண்ணீரில் முழங்கால் வரை நின்றுகொண்டு, உறிஞ்சு குழாயில் அடைத்த சேற்றைக் கையால் வழித்துப்போட வேண்டும். முதல் நாள் மேலே வந்தபோது உதடு நீலமாக, தோள் இரண்டும் காதைத் தொடுகிற மாதிரி குறுகிப்போய் நின்றான். "மழையில நனைஞ்ச கோழி கணக்கா நிக்கிறான் பாரு" என்று யாரோ சொல்ல, அன்றிலிருந்து அவன் 'கோழி' ஆனான். அவனும் அதற்குக் கோபித்துக்கொள்ளவில்லை. கூப்பிட்டால் ஒரு தரம் கொக்கரித்துவிட்டுத்தான் திரும்பிப் பார்ப்பான்.

அடுத்த நாள் பலகையின் கடைசியில் உட்கார்ந்திருந்த ஒரு துளைக்காரரைக் கரண்டு எழுப்பிவிட்டார். அதுதான் இருப்பதிலேயே நல்ல இடம். பின்னால் டிரான்ஸ்பார்மரிலிருந்து கேபிள்கள் வெளியே வரும் வாய், தலைக்கு மேலே கேபிள்கள் எல்லாம் ஒன்றாகச் சேர்ந்து போகும் தடம். முதுகிலும் தலையிலும் சூடு.

"இனிமே இது என் மச்சினன் எடம். வேற யாரும் உக்காந்தா நடக்கறதே வேற" என்றார்.

"நல்லா இருக்கே கதை! சொந்தக்காரன்னா மட்டும் குளிருமா?" என்று எழுந்தவர் முணுமுணுத்தார்.

கோழி கூச்சப்பட்டான். உட்கார்ந்து முதுகைச் சாய்த்ததும் கூச்சம் போய்விட்டது. கண்ணை மூடிக்கொண்டு, "மாமா, அக்கா வீட்டுல சோபாவுலகூட எனக்கு இந்த மரியாதை கிடைச்சதில்ல" என்றான். டப்பா மூடியை வலையில் சாய்த்து வைத்தால் அது விர்ரென்று அதிரும். "மாமா, உங்க மெஷின் என் சாப்பாட்டுக்குத் தாளம் போடுது" என்பான். எல்லோரும் சிரிப்பார்கள். பம்பு ஒழுங்காக ஓடுகிற நேரத்திலெல்லாம் அவன் அங்கேதான் கிடந்தான். சாப்பிட்டு, தூங்கி, சட்டை காயவைத்து. அந்த இடத்தில் அவனுக்குப் பல வருஷம் ஓடிப்போனது. இடையில் கல்யாணம் ஆயிற்று, ஒரு பெண் குழந்தையும் பிறந்தது.

முதலில் அவனுடைய மனைவிதான் பார்த்தாள். தோளிலும் தொடையிலும் கருநீலமாகக் கன்றிப்போன அடையாளங்கள். எங்கேயோ போய்ச் சண்டை போட்டுவிட்டு வந்து மறைக்கிறான் என்று நினைத்தாள். "யார்கிட்ட அடி வாங்கினே, சொல்லு" என்று பிடுங்கி எடுத்தாள். அவனுக்கே தெரியவில்லை. பிறகு பல் விளக்கும்போது ரத்தம். பிறகு மாடிப்படி ஏறினால் மூச்சு. கம்பெனி ஆஸ்பத்திரி டாக்டர் கண் ரெப்பையை இழுத்துப் பார்த்து, ரத்தம் கம்மியாக இருக்கிறது, நன்றாகச் சாப்பிடு என்று சத்து மாத்திரை எழுதிக் கொடுத்தார். அவன் நன்றாகத்தான் சாப்பிட்டான். ஒரு நாள் பம்பைப் பிடித்தபடியே தண்ணீரில் சரிந்து விழுந்தான். கரண்டுதான் தோளில் போட்டுக்கொண்டு லிப்டு வரைக்கும் ஓடினார். அவ்வளவு பெரிய உடம்பு இவ்வளவுதானா கனக்கும் என்று ஓடும்போதே நினைத்தார்.

நகரத்துப் பெரிய ஆஸ்பத்திரியில் ரத்தப் புற்றுநோய் என்று சொன்னார்கள்.

கட்டிலைச் சுற்றி அக்காவும் மனைவியும் கரண்டும் நின்றுகொண்டிருந்தபோது ஓர் இளம் டாக்டர் வந்தார். எல்லா நோயாளிகளிடமும் கேட்கிற கேள்விகளைக் கேட்டார். சிகரெட் உண்டா? உண்டு, எப்போதாவது. பெயின்ட், கெமிக்கல் வேலை? இல்லை. டீசல் புகை? சுரங்கத்தில் வண்டி ஓடும், புகை இருக்கும். பெரிய மின்சாரக் கருவிகளுக்குப் பக்கத்தில் வேலையா?

"பம்பு வேலைதான் சார்" என்று கோழியின் மனைவி சொல்ல ஆரம்பித்தாள்.

கோழி உற்சாகமாகக் குறுக்கே புகுந்தான். "வேலை தண்ணியில. ஆனா இருக்கறதெல்லாம் டிரான்ஸ்பார்மர் பக்கத்துலதான் சார். எங்க மாமா எனக்குன்னே தனியா எடம் போட்டுக் குடுத்திருக்காரு. அதை ஒட்டித்தான் தூங்குவேன். சும்மா கதகதன்னு இருக்கும்."

பெருமையாகத்தான் சொன்னான். டாக்டரின் பேனா ஒரு கணம் நின்றது, மறுபடியும் எழுதியது.

"அதனாலயா சார்?" என்று அவனுடைய மனைவி கேட்டாள்.

"இல்லம்மா, அப்படிச் சொல்ல முடியாது. கேட்கணும்னு இருக்கு, கேட்டேன். அவ்வளவுதான்."

டாக்டர் அடுத்த கட்டிலுக்குப் போய்விட்டார். கோழியின் மனைவி மெதுவாகத் திரும்பிக் கரண்டைப் பார்த்தாள். கோபமாகக்கூடப் பார்க்கவில்லை. ஒரு பொருளை எங்கே வைத்தோம் என்று தேடிக்கொண்டே இருந்தவள், அது கண்ணில் பட்டதும் பார்க்கிற பார்வை. கரண்டு தலையைக் குனிந்துகொண்டார். அவருக்கு அந்த நிமிஷம் தண்ணீர் குடிக்க வேண்டும்போல் இருந்தது. பக்கத்திலிருந்த சொம்பை எடுக்கக் கை வரவில்லை.

மருந்து ஏற்றினார்கள். தலைமுடி கொட்டியது. "கோழிக்கு இறகு உதிர்ற சீசன்" என்று அவனே சொல்லிக்கொண்டான். வாயெல்லாம் புண்ணாகி, பேச்சு குறைந்து, கடைசியில் சிரிப்பும் நின்றது. ஒரு மத்தியானம், கரண்டு வேலை முடிந்து பஸ் பிடித்து ஆஸ்பத்திரிக்குப் போய்ச் சேர்வதற்கு முன்பே, உயிர் போய்விட்டது. கட்டிலை அதற்குள் துடைத்து வேறு விரிப்பு போட்டிருந்தார்கள்.

துக்கம் கேட்க வந்த கூட்டமெல்லாம் கலைந்த பிறகு, கோழியின் மனைவி முன்னறையில் நின்ற கரண்டிடம் வந்தாள்.

"அண்ணே, ஒண்ணு கேக்கறேன். அத்தனை பேர் இருக்கறப்ப, அந்த எடத்துல அவரை எதுக்கு உக்கார வச்சீங்க?"

"குளிருதுன்னான்மா..." என்றார் கரண்டு.

"அவர்கூட உக்காந்தவங்க எத்தனையோ பேர் நல்லாத்தானே இருக்காங்க அண்ணி? இவர் மட்டும் எதுக்கு அந்தக் கோடியில?" என்று அவள் கரண்டின் மனைவியைப் பார்த்துக் கேட்டாள்.

"அவருக்கு என்ன தெரியும்? வேணும்னா செஞ்சாரு? நல்லதுக்குத்தானே செஞ்சாரு" என்று கரண்டின் மனைவி புருஷனை விட்டுக்கொடுக்காமல் பேசினாள். வீட்டுக்கு வந்ததும் முதுகைக் காட்டிக்கொண்டு அடுப்படியில் நின்றாள். அவர் கிட்டே போனார். "இப்ப எதுவும் பேசாதீங்க. உங்க மேல தப்பில்லன்னு எனக்குத் தெரியும். தெரிஞ்சு என்ன பண்றது? அவன் என் தம்பி" என்றாள். எப்போதும் அதிகம் பேசாதவள், அதற்குப் பிறகு தேவைக்குக்கூடப் பேசவில்லை.

தொழிற்சங்கத்துக்காரர்கள் சும்மா விடவில்லை. ஏற்கெனவே துளைக்காரர் ஒருவர் மூளைக் கட்டியில் போயிருந்தார். அவரும் அந்தப் பலகையில் உட்கார்ந்தவர்தான். ஆனால் எண்ணிப்பார்த்தால் சுரங்கத்தில் அந்தப் பலகையில் உட்காராதவர் யார்? சத்தம் போட்டு, வாசலில் உட்கார்ந்து, கடைசியில் கம்பெனி இறங்கி வந்து, வெளியிலிருந்து அளந்து பார்க்க ஓர் ஆராய்ச்சிக்கார அம்மாவை அனுமதித்தது. மின்சாரம் ஓடும் இடத்தைச் சுற்றி உண்டாகும் காந்தப்புலத்தை அளக்கும் கையடக்கமான ஒரு கருவியோடு வந்தாள். கரண்டுதான் கூட்டிக்கொண்டு போனார். அன்றைக்கென்று பார்த்துப் பெரிய துளை இயந்திரங்கள் எல்லாம் பராமரிப்புக்காக நிறுத்தப்பட்டிருந்தன. டிரான்ஸ்பார்மர் ஏதோ தூக்கத்தில் முனகுவதுபோல் முனகியது.

"இன்னைக்கு லோடே இல்லம்மா" என்றார் கரண்டு.

"தெரியும் சார். எல்லா மெஷினும் ஓடற அன்னைக்கு வரேன்னு கேட்டேன். இன்னைக்குத்தான் வரணும்னுட்டாங்க. அதையும் எழுதத்தான் போறேன்."

அந்தக் கோடியில் கருவியை வைத்துக் குனிந்து பார்த்தாள். படுக்கும் உயரத்தில், முதுகு உயரத்தில், தலை உயரத்தில். இயந்திரங்கள் நின்றுபோயும் அங்கே எண் மற்ற இடங்களைவிட எத்தனையோ மடங்கு ஏறியது. கரண்டின் கண்ணும் அதிலேயே இருந்தது.

"அம்மா, மனசுல ஒண்ணு வச்சிக்கிட்டு இருக்கேன். கேட்டுடறேன். இதனாலதான் அவன் செத்தானா?"

பலகையில் உட்காரப்போனவள், நினைத்துக்கொண்டு நின்றபடியே பேசினாள். "இந்த மாதிரி வேலை செய்யறவங்களை நிறைய நாட்டுல ஆராய்ச்சி பண்ணியிருக்காங்க சார். சிலதுல ரத்தப் புற்று கொஞ்சம் அதிகமா இருக்குன்னு வந்திருக்கு. சிலதுல ஒண்ணுமே இல்லைன்னு வந்திருக்கு. சுரங்கத்துல டீசல் புகை இருக்கு, தூசி இருக்கு, இன்னும் என்னென்னவோ இருக்கு. எதனால வந்ததுன்னு ஒரு தனி மனுஷனைக் காட்டிச் சொல்ல யாராலயும் முடியாது. எல்லாரையும் கொஞ்சம் தள்ளி உக்கார வைங்கன்னுதான் நான் எழுத முடியும். நான் உங்ககிட்ட ஆமான்னு சொன்னாலும் பொய், இல்லைன்னு சொன்னாலும் பொய்."

"அப்ப நான் எதை நினைச்சுக்கிட்டுத் தூங்கறது?"

அவள் கருவியைப் பைக்குள் வைத்தாள்.

திட்டியிருந்தால்கூடத் தாங்கியிருப்பார். நீதான் கொன்றாய் என்று யாராவது முகத்துக்கு நேரே சொல்லியிருந்தால், அழுதோ சண்டை போட்டோ அதை எங்கேயாவது இறக்கி வைத்திருப்பார். 'இருக்கலாம்' என்ற வார்த்தையை எங்கே இறக்கி வைப்பது?

மறுநாள் கடப்பாரையை எடுத்துப் பலகையைப் பிளந்து போட்டார். ஆட்கள் திகைத்துப் பார்த்துவிட்டு, சாக்கை விரித்துத் தரையில் உட்கார்ந்தார்கள். அதே வலை, அதே சாய்மானம்.

"யோவ், எந்திரிங்கய்யா! ஒரு உசுரு போனது பத்தாதா?"

"போற உசுரு எங்க இருந்தாலும் போகும் கரண்டு. விறைச்சுச் சாகறதுக்கு இப்படிச் சாகலாம், போ" என்றார் ஒருவர்.

"கரண்டுக்கே ஷாக் அடிச்சிருச்சுடா" என்றார் இன்னொருவர். சிரிப்பு.

அவர்களையும் குற்றம் சொல்ல முடியாது. போவதற்கு வேறு இடம் இல்லை. சாப்பாட்டு அறைக் கூரையை அடைத்துத் தாருங்கள், ஒரு ஹீட்டர் வையுங்கள் என்று கரண்டு போர்மேனிடம் நாலைந்து தடவை கேட்டுப்பார்த்தார். பார்க்கலாம், பார்க்கலாம் என்றே ஓட்டினார் போர்மேன். ஆராய்ச்சிக்கார அம்மா எழுதியதன் பலனாகத் தரையில் ஒரு மஞ்சள் கோடு மட்டும் போடப்பட்டது. கோட்டைத் தாண்டி உட்காராதீர்கள் என்று ஒரு போர்டும் தொங்கியது. அந்தப் போர்டின் ஆணியில் சட்டை காயப்போட வசதியாக இருந்தது.

கரண்டுக்கு வெறி பிடித்துவிட்டது. இடைவேளைக்கு முன்னால் ஒரு வாளித் தண்ணீரைக் கொண்டுவந்து வலையோரம் தரை முழுக்க ஊற்ற ஆரம்பித்தார். வந்தவர்கள் நனைந்த தரையைப் பார்த்து வாய்க்கு வந்தபடி ஏசினார்கள். பல வருஷம் கூடச் சாப்பிட்டவர்கள் முகத்தைத் திருப்பிக்கொண்டார்கள். யாரோ போய்ச் சொல்லிவிட்டார்கள். போர்மேன் வந்து பார்த்தபோது கரண்டு கையில் வாளியோடு நின்றுகொண்டிருந்தார்.

"ஏய், உனக்கு மூளை கீளை கலங்கிப்போச்சா? டிரான்ஸ்பார்மர் ரூமுக்குள்ள தண்ணி ஊத்தறியே! எத்தனை பேர் உசுரோட விளையாடற?"

அந்தப் பலகை அத்தனை வருஷம் அங்கே கிடந்தபோது ஆபத்து என்று ஒருவருக்கும் தோன்றவில்லை. ஒரு வாளித் தண்ணீருக்கு அன்றைக்கே விசாரணை வைத்தார்கள். பாதுகாப்பு விதியை மீறினார் என்று கீழேயிருந்து மேலே தூக்கி, விளக்கு அறையில் போட்டார்கள். தொழிலாளிகளின் தலைவிளக்குகளைத் துடைத்து, பாட்டரி ஏற்றி, இறங்குகிறவர்களுக்கு எடுத்துக் கொடுக்கிற வேலை. இடுப்பு ஒடிந்தவர்களும் கண் மங்கியவர்களும் செய்கிற வேலை.

இதற்குள் கோழியின் மனைவி நஷ்டஈடு கேட்டு வழக்கு போட்டிருந்தாள். சங்கத்து வக்கீல் கரண்டைத் தேடி வந்தார். கோழி எந்த இடத்தில், எவ்வளவு காலம் இருந்தான் என்று நேரில் பார்த்தவர் சொல்ல வேண்டும், நீங்கள் வந்து சொல்வீர்களா என்று கேட்டார். "கம்பெனி உங்களை வேலையை விட்டே தூக்கினாலும் தூக்கும்" என்றும் எச்சரித்தார். கரண்டு யோசிக்கவே இல்லை. அவருக்கு அது பிராயச்சித்தம் மாதிரி வந்து அமைந்தது. அன்று வெகு காலத்துக்குப் பிறகு அவருடைய மனைவி அவருடைய சட்டையைத் தானாகவே எடுத்துத் தேய்த்துக் கொடுத்தாள்.

வழக்கு விசாரணை நடந்த கூடம் சின்னது. ஜன்னல் கண்ணாடியில் ஒன்று உடைந்து அட்டை ஒட்டியிருந்தது. நடுவர் ஓயாமல் மூக்கைச் சிந்திக்கொண்டிருந்தார். முதலில் போர்மேன் வந்தார். அந்தப் பலகையைப் பற்றி எனக்கு எதுவும் தெரியாது, தொழிலாளிகளுக்கு முறையான சாப்பாட்டு அறை இருக்கிறது என்றார். கரண்டுக்குக் காதெல்லாம் சூடேறியது. காய்ந்த கையுறைகளை வலையிலிருந்து எடுத்துக்கொண்டு போன கை, இப்போது மேஜை மேல் அமைதியாக இருந்தது.

கரண்டு ஒன்றைக்கூட மறைக்கவில்லை. பலகையை நான்தான் செய்தேன். அவனை அந்தக் கோடியில் நான்தான் உட்கார வைத்தேன். அவன் சாப்பிட்டது, தூங்கியது எல்லாம் அங்கேதான். கோழியின் மனைவி முன் வரிசையில் புடவைத் தலைப்பை வாயில் வைத்து அழுத்திக்கொண்டிருந்தாள். சொல்லி முடித்ததும் அவருக்கு நெஞ்சிலிருந்து ஒரு கல் இறங்கின மாதிரி இருந்தது.

கம்பெனி வக்கீல் எழுந்தார். அதட்டவில்லை, மிரட்டவில்லை. விசாரிக்க வந்த உறவுக்காரர்போல மென்மையாகப் பேசினார்.

"ரொம்ப நன்றிங்க. மனசுல பட்டதை அப்படியே சொன்னீங்க. பலகையை நீங்களேதான் செஞ்சீங்க?"

"ஆமாங்க."

"செய்யச் சொல்லி கம்பெனி சொல்லுச்சா?"

"இல்லைங்க. ஆனா எல்லாருக்கும்..."

"நான் கேட்டதுக்கு மட்டும் சொன்னாப் போதும். இறந்துபோனவரை அங்க உக்காரச் சொன்னது யார்? கம்பெனியா, நீங்களா?"

கரண்டு சங்கத்து வக்கீலைப் பார்த்தார். அவர் காகிதத்தைப் புரட்டிக்கொண்டிருந்தார்.

"நான்தாங்க."

"அவருக்கு முன்னாடி வேற ஒருத்தரை எழுப்பிவிட்டுட்டு உக்கார வச்சீங்க, இல்லையா? நல்லது. அந்த ரூம்ல அவரைவிட அதிக காலம் இருந்தது யாருங்க?"

"நான்தாங்க."

"உங்க உடம்பு எப்படி இருக்கு? கம்பெனி ஆஸ்பத்திரியில வருஷா வருஷம் ரத்தம் பாக்கறாங்களே, ஏதாவது கோளாறு சொன்னாங்களா?"



"இல்லைங்க. நல்லாத்தான் இருக்கேன்."

"நல்லா இருங்க" என்று சொல்லிவிட்டு உட்கார்ந்தார்.

தீர்ப்பு வருவதற்குச் சில மாதங்கள் ஆயின. நோய்க்கும் வேலைக்கும் தொடர்பு நிரூபிக்கப்படவில்லை. அப்படியே தொடர்பு இருந்தாலும், கம்பெனி அனுமதிக்காத இடத்தில், உறவினர் ஒருவர் தன்னிச்சையாகச் செய்துகொடுத்த ஏற்பாட்டுக்குக் கம்பெனி பொறுப்பாகாது. நடுவர் இதை மூக்கடைப்பு இல்லாமல் தெளிவாகவே படித்தார்.

வெளியே வராந்தாவில் கோழியின் மனைவி அவருக்கு எதிரில் வந்து நின்றாள். அவர் கையெடுத்துக் கும்பிடுகிற மாதிரி ஏதோ செய்தார்.

"அண்ணே, அவங்க அத்தனை பேரும் பொய் சொன்னாங்க. நீங்க ஒரே ஒரு பொய் சொல்லியிருக்கலாம். போர்மேன்தான் உக்காரச் சொன்னாருன்னு சொல்லியிருக்கலாம்."

"எனக்கு அப்படித் தோணலம்மா."

"தோணாது. உங்களுக்கு உங்க மனசு ஆறணும். எனக்குச் சாப்பாடு வேணும்."

கரண்டின் மனைவி இரண்டு பேருக்கும் நடுவில் நின்றாள். யார் கையைப் பிடிப்பது என்று தெரியாமல் ஒருவர் கையையும் பிடிக்கவில்லை.

ஜெயித்த பிறகு கம்பெனிக்குப் பெருந்தன்மை வந்தது. கருணை அடிப்படையில் கோழியின் மனைவிக்கு வேலை கொடுத்தார்கள். மாலை போடாத குறையாக அலுவலகத்தில் நிற்க வைத்துப் படம் எடுத்துக்கொண்டார்கள். வேலை விளக்கு அறையில்தான். கரண்டு நிற்கும் கவுண்டருக்குப் பின்னால், தலைவிளக்குகளைத் துடைத்து பாட்டரி ஏற்றும் இடத்தில்.

முதல் நாள் அவள் வந்து நின்றபோது, வேறு எங்கேயாவது மாற்றித் தரச் சொல்லட்டுமா என்று அவர் கேட்டார். "எங்க மாத்துவாங்க? கீழயா?" என்றாள். அதோடு சரி. பிறகு விளக்கைப் பற்றி மட்டும்தான் பேச்சு. இது கண்ணாடி கீறல், இது பாட்டரி போயிருச்சு, இதுக்கு ஒயரு மாத்தணும். அவர் கற்றுக்கொடுத்தார், அவள் சீக்கிரமாகப் பிடித்துக்கொண்டாள். இரண்டு பேரும் பகல் முழுக்க ஒரே அறையில், ஒருவர் முகத்தை ஒருவர் பார்க்காமல், கைகளை மட்டும் பார்த்துக்கொண்டு வேலை செய்தார்கள்.

பாட்டரி ஏற்றும் அலமாரி சுவர் நீளத்துக்கு இருந்தது. எல்லா விளக்குகளையும் மாட்டிவிட்டால் அது மெல்ல ரீங்காரமிடும். அதை ஒட்டித்தான் அவளுடைய ஸ்டூல். மழைக்காலத்தில் ஒருநாள், வரிசையாக விளக்குகளை மாட்டிக்கொண்டே வந்தவள், பாதியில் கையை நிறுத்தினாள்.

"அண்ணே, இதுலேர்ந்தும் வருமா?"

எது என்று அவர் கேட்கவில்லை. "இது சின்னதும்மா. அதுல கால்வாசியில கால்வாசிகூட இருக்காது" என்றார். சொன்ன பிறகு, தான் என்ன சொல்கிறோம் என்று அவருக்கே உறைத்தது. "ஆனா எனக்குத் தெரியல. நிஜமா எனக்குத் தெரியாது."

அவள் தலையாட்டினாள். ஸ்டூலை அலமாரியிலிருந்து நகர்த்தினாள். எதிர்ச்சுவர் இடித்தது. அவ்வளவுதான் அறை. அங்கே உட்கார்ந்துகொண்டு கையை நீட்டிப் பார்த்தாள், அலமாரி எட்டவில்லை. கரண்டு கவுண்டரை விட்டு வந்து, மீதி விளக்குகளை அவள் கையிலிருந்து வாங்கி ஒவ்வொன்றாக மாட்டினார். அவள் வேண்டாம் என்று சொல்லவில்லை. நன்றியும் சொல்லவில்லை. வெளியே அடுத்த ஷிப்டுக்காரர்கள் கவுண்டரைத் தட்டிக் கூப்பிட்டுக்கொண்டிருந்தார்கள்.